நூற்பாலையில் உருவான மருத்துவர்

ஸ்கொட்லாந்து தேசத்தில் கிளைட் நதியின் கரையில் பிளான்டயர் என்றொரு கிராமம் உண்டு. அங்கிருந்த பருத்தி நூற்பாலையில் 1823ஆம் ஆண்டு பத்து வயதுச் சிறுவன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்தான். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் நூல் அறுந்துவிட்டால் விரைந்து சென்று அதை மீண்டும் இணைத்துவிட வேண்டும். அதுவே அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. காலை 6 மணிக்கு ஆலைக்குள் நுழைந்தால் இரவு 8 மணிக்கே வெளியே வரலாம். காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் மட்டும் சிறிது ஓய்வு கிடைக்கும். முதல் வாரக் கூலி கைக்கு வந்ததும், அதில் ஒரு பகுதியைக் கொடுத்து அவன் வாங்கிய பொருள் ஓர் இலத்தீன் இலக்கண நூல். அந்த வயதில் இனிப்புப் பண்டம் வாங்கித் தின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அச்சிறுவனே பின்னாளில் ஆபிரிக்கக் கண்டத்தின் உட்பகுதிகளை ஐரோப்பியருக்கு அறியத்தந்த மறைபரப்பாளர் டேவிட் லிவிங்ஸ்டன். அவர் நமது திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் அவருடைய வாழ்வின் கடைசிப் பக்கத்தில் நமது திருச்சபைக்கும் ஓரிடம் உண்டு. அதைப் பின்னர் பார்ப்போம். அவருடைய பயணங்களைப் பற்றிப் பாடசாலை நாட்களில் நாம் ஓரளவு படித்திருக்கிறோம். வேலையை விட்டுவிட்டுப் படிக்க வழியில்லாத ஓர் ஆலைத் தொழிலாளி எவ்வாறு மருத்துவரானார் என்பதைப் பலரும் அறிந்ததில்லை. பகலில் உழைத்து மாலையில் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இது வாசிக்கப்பட வேண்டும் என்பதே எனது விருப்பம்.

லிவிங்ஸ்டன் 1813ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் திகதி பிறந்தார். ஏழு பிள்ளைகளில் இரண்டாமவர். ஆலைத் தொழிலாளருக்கென நிறுவனம் கட்டிக்கொடுத்த நீண்ட குடியிருப்பில், பதினான்கு அடி நீளமும் பத்து அடி அகலமும் கொண்ட ஒற்றை அறையே அந்தக் குடும்பத்தின் வீடு. சமைப்பதும் உண்பதும் உறங்குவதும் செபிப்பதும் அங்கேதான். தந்தை நீல் வீடு வீடாகச் சென்று தேயிலை விற்பவர். செல்லுமிடமெல்லாம் சமயப் பிரசுரங்களையும் கையளித்து வருவார். தாய் அக்னஸ் சிக்கனமும் சுத்தமும் மிக்கவர்.

இரவு 8 மணிக்கு ஆலையின் கதவு திறந்ததும் சிறுவர்கள் வீட்டுக்கு ஓடுவார்கள். டேவிட் மட்டும் ஆலை நிர்வாகம் நடத்திய இரவுப் பள்ளிக்குச் செல்வான். பதினான்கு மணி நேரம் நடந்தும் குனிந்தும் நிமிர்ந்தும் களைத்த பிள்ளைகளில் அங்கு செல்லும் தெம்பு மிகச் சிலருக்கே இருந்தது. வகுப்பு 10 மணிக்கு முடியும். அதன் பிறகும் வீட்டில் நள்ளிரவு வரை வாசிப்பான். தாய் எழுந்து வந்து புத்தகத்தைக் கையிலிருந்து பறித்த பின்னரே உறங்கச் செல்வான். மீண்டும் காலை 6 மணிக்கு ஆலை.

இரவு நேரம் போதவில்லை. ஆகவே ஒரு வழியைக் கண்டுபிடித்தான். நூற்கும் இயந்திரத்தின் மேல் ஓரிடத்தில் புத்தகத்தை விரித்து வைத்துவிடுவான். அறுந்த நூலை இணைப்பதற்காக அங்கும் இங்கும் நடக்கும்போது, புத்தகத்தைக் கடக்கும் அந்த ஒரு கணத்தில் ஒரு வாக்கியத்தைக் கண்ணால் எடுத்துக்கொள்வான். அடுத்த முறை கடக்கும்போது அடுத்த வாக்கியம். சுற்றிலும் காதைச் செவிடாக்கும் இரைச்சல். அதன் நடுவே அந்த வாக்கியத்தை மனதில் அசைபோடுவான். இவ்வாறே பதினாறு வயதை அடைவதற்குள் வேர்ஜில், ஹொரஸ் முதலிய இலத்தீன் கவிஞர்களை வாசிக்கும் அளவுக்குத் தேறிவிட்டான். குருமடத்தில் அமைதியான மண்டபத்தில் அமர்ந்து இலத்தீன் படித்தவன் நான். அந்த வசதியுடன் நான் கற்றதை இதனோடு ஒப்பிட்டால் சற்று வெட்கமாகவே இருக்கிறது.

மூலிகைகளைப் பற்றிய பழைய நூல் ஒன்றை வைத்துக்கொண்டு, விடுமுறை கிடைத்தபோதெல்லாம் சகோதரர்களுடன் ஆற்றங்கரைகளில் செடி தேடுவார். சுண்ணாம்புக்கல் அகழிடங்களில் பழங்காலச் சிப்பிகளைப் பொறுக்குவார். அறிவியல் மீதான இந்த ஆர்வமே வீட்டுக்குள் ஒரு பிணக்கைக் கொண்டுவந்தது. தந்தைக்கு அறிவியல் நூல்கள் மீது நம்பிக்கையில்லை. அவை மகனுடைய விசுவாசத்தைக் கெடுத்துவிடும் என்று அஞ்சினார். சமய நூல்களையே வாசிக்கும்படி வற்புறுத்தினார். மகன் மறுத்தபோது பிரம்பையும் எடுத்தார். தந்தையின் கையால் அவர் கடைசியாக அடிவாங்கியது ஒரு பக்தி நூலை வாசிக்க மறுத்ததற்காகவே.

இந்த இடத்தில் தந்தையைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் அவர் தீயவரல்லர். மகனுடைய ஆன்மாவைக் குறித்து உண்மையாகவே கவலைப்பட்டவர். மகனுக்கோ இரண்டும் வேண்டியிருந்தன. கடவுளை விட்டுவிட்டு அறிவியலை எடுக்கவும் முடியவில்லை. அறிவியலை விட்டுவிட்டு நிம்மதியாகச் செபிக்கவும் முடியவில்லை. ஏறக்குறைய இருபது வயதில், தோமஸ் டிக் என்னும் ஸ்கொட்லாந்து எழுத்தாளரின் நூல் ஒன்று அவருக்குக் கிடைத்தது. டிக் இறையியலும் வானியலும் அறிந்தவர். படைப்பை ஆராய்வது படைத்தவரை மறுப்பதாகாது என்று விளக்கியவர். அந்த வாசிப்பில் லிவிங்ஸ்டனின் உள்ளப் போராட்டம் தணிந்தது. அதே காலத்திலேயே அவருடைய விசுவாசம் தந்தையிடமிருந்து பெற்ற பழக்கமாக இருந்த நிலை மாறி, அவருடைய சொந்த விசுவாசமாயிற்று.

1834இல் சீனாவுக்கு மருத்துவ மறைபரப்பாளர் தேவை என்று குட்ஸ்லாவ் என்ற ஜேர்மன் போதகர் விடுத்த அழைப்பு பிளான்டயருக்கும் எட்டியது. அதைத் தாங்கிய பிரசுரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அதே தந்தைதான். மருத்துவமும் மறைபணியும் ஒன்றாகச் சேரும் ஒரு வழி அதில் இருந்தது. நோயுற்ற உடலுக்கு மருந்தும் ஆன்மாவுக்கு நற்செய்தியும் என்றபோது தந்தையாலும் மறுக்க முடியவில்லை.

இனிப் பணம் வேண்டும். பத்தொன்பதாவது வயதில் நூற்பவராகப் பதவி உயர்வு பெற்றிருந்தார். அது கடினமான வேலை. ஆனால் கூலி சற்று அதிகம். அதிலிருந்து சிறுகச் சிறுகச் சேமித்தார். 1836ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளாஸ்கோ நகரிலிருந்த அன்டர்சன் கல்லூரியில் மருத்துவ வகுப்புகளில் சேர்ந்தார். ஒரு தவணைக்குரிய மருத்துவப் பாடக் கட்டணம் 12 பவுண். ஆலைத் தொழிலாளி ஒருவருக்கு அது சிறிய தொகையல்ல. பனி மூடிய பாதையில் தந்தையும் மகனும் எட்டு மைல் நடந்து கிளாஸ்கோவை அடைந்து, வாரம் 2 ஷிலிங் வாடகைக்கு ஓர் அறையைத் தேடிப் பிடித்தார்கள். ஒருகாலத்தில் அறிவியல் நூலுக்காகப் பிரம்பெடுத்த தந்தை, அன்று மகனோடு தெருத் தெருவாக அலைந்தார். அந்த அறையில் வைத்த தேயிலையும் சீனியும் அடிக்கடி காணாமற்போகவே, இன்னும் ஆறு பென்ஸ் கூடுதலாகக் கொடுத்து வேறிடம் மாற வேண்டியதாயிற்று.

மருத்துவத்தோடு கிரேக்க மொழியும் இறையியலும் கற்றார். சனிக்கிழமை மாலை வீடு திரும்புவார். ஏப்ரலில் தவணை முடிந்ததும் மீண்டும் ஆலைக்கு வந்து இயந்திரத்தின் முன் நிற்பார். அந்தக் கூலியே அடுத்த குளிர்காலக் கட்டணம். அக்கல்லூரியில் வேதியியல் பேராசிரியருக்கு உதவியாளராயிருந்த ஜேம்ஸ் யங் என்ற இளைஞர் அவருக்கு நண்பரானார். யங் பிற்காலத்தில் பரவின் எண்ணெய் தயாரிக்கும் முறையைக் கண்டு பெருஞ்செல்வரானவர். தோழமை கடைசி வரை நீடித்தது.

1838இல் லண்டன் மறைபரப்புச் சங்கம் அவரை ஏற்றுக்கொண்டது. மேலும் இரண்டாண்டுப் பயிற்சிக்குப் பின், 1840 நவம்பரில் கிளாஸ்கோவில் மருத்துவர் உரிமத்துக்கான தேர்வு. ஸ்டெதஸ்கோப் அன்று புதிய கருவி. அதன் பயனைக் குறித்துத் தேர்வாளர்களுக்கும் அவருக்கும் கருத்து வேறுபட்டது. பேசாமல் இருந்திருந்தால் தேர்வு விரைவில் முடிந்திருக்கும். அவரோ தமது கருத்தை விடவில்லை. ஆகையால் வழக்கத்திலும் நீண்ட, கடுமையான விசாரணையைச் சந்தித்தார். எப்படியோ உரிமம் கிடைத்தது. ஆலைக்குள் நுழைந்து 17 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அபின் போர் மூண்டிருந்ததால் சீனாவுக்குச் செல்ல முடியவில்லை. 1840 டிசம்பரில் தென்னாபிரிக்காவுக்குக் கப்பலேறினார். அங்கே மருத்துவரைத் தேடி நெடுந்தூரத்திலிருந்து மக்கள் வந்தார்கள். காய்ச்சலுக்கு, நம் வீட்டு முதியோர் கொயினா என்று அழைத்த குயினைனைப் பேதி மருந்துகளுடன் கலந்து ஒரு மாத்திரை தயாரித்தார். மலேரியாவை நுளம்பு பரப்புகிறது என்பது 1897 வரை நிரூபிக்கப்படாதிருந்த காலம் அது. அவரது மாத்திரை பலரைக் காத்தது. பிற்காலத்தில் ஒரு மருந்து நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. குழந்தைகள் கூச்சலிட்டு விளையாடும் இடத்திலும், பயணத்தில் மக்கள் பாடி ஆடும் இடத்திலும் தம்மால் அமைதியாக எழுத முடிகிறதென்றால் அது நூற்பாலை தந்த பயிற்சியே என்று அவரே நன்றியோடு குறித்திருக்கிறார்.

1854இல் கண்டத்தின் குறுக்கே நடந்து மேற்குக் கரையிலுள்ள அங்கோலாவை அடையும் வழியில், அம்பாக்கா என்னும் பகுதியில் எழுத வாசிக்கத் தெரிந்த மக்கள் பலரைக் கண்டார். முன்னொரு காலத்தில் அங்கு உழைத்த இயேசு சபைக் குருக்களின் பணியே அதற்குக் காரணம். போர்த்துக்கல் அரசு அக்குருக்களை வெளியேற்றி ஏறக்குறைய நூறாண்டுகள் ஆகியும், மக்கள் ஒருவருக்கொருவர் கற்பித்து அந்த எழுத்தறிவை அணையாமல் காத்திருந்தார்கள். நமது திருச்சபையின் போதனைகளோடு உடன்படாத அவர், இதைத் தமது நூலில் மனமாரப் பாராட்டி எழுதினார். இரவில் படித்தவருக்கு அந்த மக்களின் அருமை தெரிந்திருக்கும்.

இனி எழுதுவதற்குத் தயக்கமாயிருக்கிறது. ஆயினும் மறைப்பது முறையாகாது. உறக்கத்தையும் களைப்பையும் பொருட்படுத்தாத அந்த உறுதி, அவருடைய குடும்பத்துக்குச் சுமையாயிற்று. 1845இல் மறைபரப்பாளர் ரொபர்ட் மொஃபற்றின் மகள் மேரியை மணந்தார். 1850இல் கர்ப்பிணியான மனைவியையும் சிறு பிள்ளைகளையும் கலகாரிப் பாலைநிலத்தின் வழியாக அழைத்துச் சென்றார். பிள்ளைகளைக் காய்ச்சல் பீடித்தது. திரும்பி வந்தபின் பிறந்த பெண்குழந்தை சில வாரங்களிலேயே இறந்தது. அடுத்த ஆண்டும் அவ்வாறே அழைத்துச் செல்லப் புறப்பட்டபோது மாமியார் கடுஞ்சினத்தோடு கடிதம் எழுதினார். அவர் கேட்கவில்லை. 1852இல் மனைவியையும் பிள்ளைகளையும் பிரித்தானியாவுக்கு அனுப்பிவைத்தார். அங்கே அவர்கள் வறுமையில் வாடினார்கள். பின்னர் கணவரைத் தேடி ஆபிரிக்காவுக்கு மீண்டும் வந்த மேரி, 1862 ஏப்ரல் 27ஆம் திகதி சம்பேசி நதிக்கரையில் காய்ச்சலால் இறந்தார். பலரைக் காப்பாற்றிய மருந்து அவரைக் காப்பாற்றவில்லை. அருகில் இருந்த கணவர் குழந்தையைப்போல் அழுதார். பிள்ளைகளோடு விளையாட நேரம் ஒதுக்கவில்லையே என்பது அவரை நெடுங்காலம் வருத்திய நினைவு. தம்மை வருத்திக்கொள்ளப் பழகியவருக்குப் பிறருடைய களைப்பு கண்ணில் படாமற் போவதுண்டு. குருவாகிய எனக்கும் இது தெரிந்த ஆபத்தே.

தந்தையை அவர் மீண்டும் காணவில்லை. 1856 டிசம்பரில் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்பியபோது, அதே ஆண்டின் தொடக்கத்தில் நீல் இறந்திருந்தார். பெற்றோரின் கல்லறை வாசகத்தில், ஏழைகளும் பக்தியுள்ளவர்களுமான பெற்றோருக்காகப் பிள்ளைகள் கடவுளுக்கு நன்றி கூறுவதாகப் பொறிக்கச் செய்தார். ஏழைகளாயினும் பக்தியுள்ளவர்கள் என்று மாற்றலாமே எனச் சிலர் கூறியபோது அவர் இணங்கவில்லை. ஏழ்மையையும் அவர் நன்றிக்குரியதாகவே கண்டார்.

இறுதிப் பயணத்தில், 1867 ஜனவரியில், மருந்துப் பெட்டியைச் சுமந்த ஆள் அதனுடன் ஓடிவிட்டார். அன்று தமக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதாகவே மருத்துவர் உணர்ந்தார். அதன் பின்னும் ஆறு ஆண்டுகள் நடந்தார். அடிமை வியாபாரிகள் நியாங்குவே என்ற சந்தையில் மக்களைச் சுட்டுக் கொன்றதை 1871 யூலையில் நேரில் கண்டு, அக்கொடுமையை உலகுக்கு அறிவித்தார். 1873 மே மாதத்தின் முதல் நாள் அதிகாலை, இன்றைய சம்பியா நாட்டில் சித்தாம்போ என்பவரின் கிராமத்தில், கட்டிலருகே முழந்தாளிட்டு மன்றாடும் நிலையில் அவருடைய உயிரற்ற உடலைப் பணியாளர்கள் கண்டார்கள். சான்சிபார் தீவின் அடிமைச் சந்தையை மூடும் உடன்படிக்கை சில வாரங்களில், யூன் மாதத்தில் கையெழுத்தானது. அதை அவர் அறியவில்லை.

சூசி, சூமா என்ற இரு ஆபிரிக்கப் பணியாளர்களும் அவர்களுடைய தோழர்களும் அவரது இதயத்தை அங்கேயே ஒரு மரத்தடியில் புதைத்து, உடலை வெயிலில் உலர்த்திச் சுற்றிக் கட்டி, ஆயிரம் மைல்களுக்கு மேல் கடற்கரை வரை தூக்கிச் சென்றார்கள். வழியில் நோயும் பகையும் அவர்களை வாட்டின. சிலர் இறந்தார்கள். 1874 பெப்ரவரியில் பகமோயோ என்னும் துறைமுக ஊரை அடைந்தார்கள். அங்கே தூய ஆவி சபைக் குருக்கள், விடுதலை பெற்ற அடிமைகளுக்காக ஒரு மறைத்தளம் அமைத்திருந்தார்கள். லண்டனுக்குக் கப்பலேறுமுன் லிவிங்ஸ்டனின் உடல் ஓர் இரவு நமது அந்தக் கத்தோலிக்க ஆலயத்தில் வைக்கப்பட்டது. பழைய ஆலயக் கோபுரம் இன்றும் அவருடைய பெயராலேயே அழைக்கப்படுகிறது. சூசியும் சூமாவும் பின்னர் இங்கிலாந்துக்கு வரச் செலவு செய்தவர், கிளாஸ்கோ கல்லூரி நாட்களின் தோழர் ஜேம்ஸ் யங்.

லண்டனை அடைந்த அந்த உடல் உண்மையில் அவருடையதுதானா என்ற ஐயம் எழுந்தது. முகத்தை வைத்து அடையாளம் காண இயலவில்லை. அறுவைச் சிகிச்சை நிபுணர் வில்லியம் பெர்குசன் இடது மேற்கையைத் தொட்டுப் பார்த்தார். 1844இல் ஒரு சிங்கம் பாய்ந்து நொறுக்கிய எலும்பு அது. உதவிக்கு வேறு மருத்துவர் இல்லாத அந்த இடத்தில், தாமே தமக்கு மருத்துவராயிருந்து அதைப் பொருத்திக் கட்டச் செய்தவர் லிவிங்ஸ்டன். அது ஒழுங்காகப் பொருந்தவில்லை. அதன் பின் அந்தக் கையை அவரால் தோளுக்கு மேல் உயர்த்த முடியாமற் போயிற்று. பொருந்தாத அந்த எலும்பைக் கண்டே பெர்குசன் ஐயத்தைத் தீர்த்தார். 1874 ஏப்ரல் 18ஆம் திகதி வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் நல்லடக்கம் நடைபெற்றது.