கோரை ஆய்ந்த கேனிக் வைத்தியர்

வைகை மணலிலும், வண்டியூர்க் கண்மாய்க் கரையிலும், சோழவந்தான் வயல் வரப்புகளிலும் கோரையைக் காணாத மாணாக்கர் நம்முள் இரார். கிழங்குக்கோரை உழவர்க்குத் தீராப் பகை. பாய்க்கோரையோ பாய் நெய்வார்க்குச் சீவனம். இவ்வினத்தைப் புல்லென்று தள்ளாது கையிலெடுத்து நோக்கி, மேனாட்டுச் சாஸ்திரிகள் அறியுமாறு செய்தவருள் முற்பட்டவர் யோஹான் கெரார்ட் கேனிக் என்னும் வைத்தியராவர். அவர் சரிதத்தை ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றோம்.

கேனிக் 1728-ஆம் ஆண்டு, இக்காலத்து லட்வியாவைச் சேர்ந்த லிவோனியா நாட்டிற் பிறந்தார். சுவீடன் தேசத்து உப்சாலா சர்வகலாசாலையில், தாவரங்கட்கெல்லாம் இருசொற் பெயர் வகுத்த லின்னேயஸ் பெரியாரிடம் பயின்றார். பின் டென்மார்க்கில் வசித்து, 1765-இல் ஐஸ்லாந்துத் தீவின் செடிகளை ஆராய்ந்தார். பனி மூடிய அத்தீவிலிருந்து திரும்பிய சில ஆண்டுகளில், 1768-இல், தரங்கம்பாடி மிஷனுக்கு வைத்தியராக வந்து இறங்கினார்.

புதிதாக வந்த அயல்நாட்டார் தாமரையையும் கொன்றையையும் கண்டு மயங்குவது இயல்பு. கேனிக்கோ நீரோரத்துக் கோரைகளையும் விடாது திரட்டினார். இஃது எளிய வேலையன்று. கோரையின் பூவுக்கு இதழில்லை, நிறமில்லை, செதில்களுள் மறைந்து கிடப்பது. புல்லின் தண்டு பெரும்பாலும் உருண்டு கணுக்களோடு இருக்கும். கோரைத் தண்டோ பெரும்பாலும் முப்பட்டையாய்க் கணுவின்றி நிற்கும். இலைகளும் மூன்று வரிசையாகவே அமையும். (ஐயமுள்ளவர் ஒரு தண்டை அறுத்து விரலிடை உருட்டிப் பார்ப்பாராக.) ஆயினும் ஒரு கோரையை மற்றொரு கோரையினின்றும் பிரித்தறிய, செதிலின் அடுக்கையும், சூல்தண்டின் கிளையையும், கடுகினுஞ் சிறிய விதையின் வடிவையும் பூதக்கண்ணாடியால் நோக்குதல் வேண்டும். லின்னேயஸ் 1753-இல் கிழங்குக்கோரைக்குச் சைபரஸ் ரொட்டண்டஸ் என்று பெயரிட்டார். மெல்லிய நூல் போன்ற தண்டுகளில் கிழங்குகள் சங்கிலியாய்த் தொடர்தலின், மேலே பிடுங்கினும் கீழே பிழைத்துப் பல்லாண்டு வாழ்வது அது. ஆயினும் மூன்று கேசரமும் ஒரு சூல்தண்டும் உடைமை பற்றி, உறவில்லாத செடிகளோடு ஒரே வகுப்பில் அவர் அதனை வைத்தார்; கோரைகளைத் தனிக் குடும்பமாக ஜுஸ்ஸியூ வகுத்தது 1789-இல்தான்.

கேனிக் உலர்த்தி அனுப்பிய செடிகளைக் கோபன்ஹேகனில் ராட்போல் என்னும் ஆசிரியர் ஆராய்ந்து, 1773-இல் படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். நம் நாட்டுப் பாய்க்கோரை சைபரஸ் பங்கோரை என்ற பெயருடன் அந்நூலிலேதான் முதன்முதல் இடம்பெற்றது. அப்பெயரின் ஈற்றில் ஒலிப்பது நம் தமிழ்க் கோரையே என்பது எம் கருத்து. ஆனால் தாவர நூல் மரபுப்படி அப்பெயரைத் தொடர்ந்து வருவது ராட்போல் பெயரே. வெயிலிலும் சேற்றிலும் நின்று பறித்தவர் பெயரன்று. நூலெழுதுவோர்க்கே உரிமை என்பது அம்மரபு. அதன் நியாயத்தை நாம் மறுக்கவில்லை, எனினும் மனம் ஒருவாறு வருந்துகின்றது.

கேனிக் தாமாக அச்சிட்டது மிகக் குறைவு. 1774-இல் ஆர்க்காட்டு நவாபுக்கு இயற்கைப் பொருள் ஆய்வாளரானார். 1778-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியத்தில் அமர்ந்து, சீயம், மலாக்கா முதலிய இடங்களுக்குச் சென்று வந்தார். தஞ்சைப் பக்கத்துக் கரையான்களைப் பற்றி அவர் எழுதியது 1779-இல் வெளியாயிற்று. இஞ்சி இனத்தைப் பற்றிய குறிப்புகளை ரெட்சியஸ் என்பார் 1783-இல் தம் நூலிற் சேர்த்து வெளியிட்டார். பின்னாளில் தமிழகராதி தொகுத்த ராட்லரும், இந்தியத் தாவர நூலுக்குத் தந்தை எனப்படும் ராக்ஸ்பரோவும் அவரால் ஊக்கம் பெற்றவர்கள்.

1785-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், காக்கிநாடாவுக்கு அருகே ஜகந்நாதபுரத்தில், சீதபேதியால் வருந்திக் கேனிக் மரித்தார். அருகிருந்து மருத்துவம் செய்தவர் ராக்ஸ்பரோவே. அச்சேறாத கையெழுத்துப் பிரதிகளெல்லாம் அவர் விருப்பப்படி லண்டனில் ஜோசப் பாங்க்ஸ் பிரபுவைச் சேர்ந்தன.

கோரையின் பெயரில் அவருக்கு இடமில்லாது போயினும், லின்னேயஸ் தம் மாணாக்கரை மறந்தாரல்லர். நம் விடுதிச் சமையலில் நாடோறும் தாளிக்கும் கறிவேப்பிலையின் லத்தீன் பெயர் கேனிகீ என்றே முடிகின்றது.