பொருளாதார மேதை பாபாசாகேப் அம்பேத்கர்

ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ஆம் நாளன்று பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் பிறந்த நாளைக் கொண்டாடுகின்றோம். அவர்தம் திருவுருவப் படத்திற்கு மாலை சூட்டி, அரசியற் சட்டத்தை வகுத்த அறிஞர் என்றும், நமக்குப் பௌத்த நெறியைக் காட்டிய பெருந்தகை என்றும் போற்றுகின்றோம். ஆயினும், அவர் இரண்டு புகழ் பெற்ற சர்வகலாசாலைகளில் டாக்டர் பட்டம் பெற்றது எந்தத் துறையில் என்று நம் இளைஞரை வினவினால், பலரும் சட்டம் என்றே விடை பகர்வர். அது சரியன்று. அவ்விரு பட்டங்களும் பொருளாதாரத்திற்கு உரியவை.

பொருளாதாரம் என்றவுடன், அது செல்வருக்கும் வணிகருக்கும் உரிய கலை என்று நம்மில் பலர் ஒதுங்கி விடுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. பணத்தின் மதிப்புச் சிறிது குறைந்தால் செல்வர் அதனை உணரார். அன்றாடங் கூலி பெறுவோர் வீட்டில் அடுப்பு எரிவதே அரிதாகிவிடும். ஆகவே கணக்கை அறிய வேண்டிய தேவை ஏழைக்கே மிகுதி. இவ்வுண்மையைப் பாபாசாகேப் அவர்கள் தம் வாழ்நாள் முழுவதும் விளக்கி வந்தார். அந்த வரலாற்றை ஈண்டு சுருங்கக் காண்போம்.

இளமையும் அமெரிக்கக் கல்வியும்

1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், மத்திய இந்தியாவில் உள்ள மௌ என்னும் படைவீட்டு நகரில், இராணுவத்தில் சுபேதாராக இருந்த இராம்ஜி சக்பால் அவர்களுக்கும் பீமாபாய் அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். பள்ளியில் மற்றப் பிள்ளைகளினின்றும் விலகிக் கோணிச் சாக்கின்மேல் அமர்ந்து படித்ததும், தாகத்திற்குத் தாமே தண்ணீர் எடுக்க இயலாது தவித்ததும் நாம் பலகாலும் கேட்டறிந்த செய்திகளே. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பி.ஏ. தேறிய பின், பரோடா மகாராஜா சாயாஜிராவ் அவர்கள் அளித்த உதவிச் சம்பளத்தைக் கொண்டு 1913-ஆம் ஆண்டு நியூயார்க் நகரை அடைந்து, கொலம்பியா சர்வகலாசாலையில் சேர்ந்தார்.

அங்கே அவர் பயின்ற பாடங்களுள் 29 பொருளாதாரத்தைச் சார்ந்தவை. பொது நிதியியலில் பெயர் பெற்ற எட்வின் செலிக்மன் அவருக்கு ஆசிரியர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியையும் நிதியையும் ஆராய்ந்து ஒரு கட்டுரை வரைந்தார். 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்று, 1916-இல் இலண்டன் சென்று பொருளாதாரக் கலாசாலையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே உதவிச் சம்பளத்தின் காலம் முடிந்துவிட்டமையால், படிப்பை நடுவில் நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது.

கற்ற கல்வியும் கிடைத்த வரவேற்பும்

ஒப்பந்தப்படி பரோடா அரசில் பணி ஏற்றார். அந்நகரில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கியிருந்த அவரைத் தடியேந்திய கூட்டம் வந்து வெளியேற்றியது. மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் வடித்த பின்னர்ப் பம்பாய்க்குத் திரும்பினார். அங்கே பங்கு வியாபாரிகளுக்கு ஆலோசனை கூறும் சிறு தொழிலைத் தொடங்கினார். தொடக்கத்தில் அது நன்றாகவே நடந்தது. ஆலோசகரின் சாதி தெரிய வந்ததும் வாடிக்கைக்காரர் விலகினர். தொழிலை மூட வேண்டியதாயிற்று.

வணிகத்தில் மனிதன் இலாபத்தை நாடியே நடப்பான் என்பது பொருளாதார நூல்களின் முதற் பாடம். நல்ல ஆலோசனையால் வரக்கூடிய இலாபத்தையும் சாதியின் பொருட்டு உதறிவிடும் மனிதர் உண்டு என்பதைப் பாபாசாகேப் அவர்கள் தம் அனுபவத்தில் கண்டார். அந்நூல்களில் இல்லாத இந்தப் பாடத்தை அவர் பிற்காலத்தில் மறக்கவே இல்லை.

சிறு நிலங்களைப் பற்றிய ஆராய்ச்சி

1918-ஆம் ஆண்டு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே இந்தியாவின் சிறு நிலவுடைமைகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டார். நிலங்கள் துண்டு துண்டாகச் சிதறியிருப்பதே உழவரின் வறுமைக்குக் காரணம், அவற்றை ஒன்று சேர்த்துவிட்டால் போதும் என்று அக்காலத்து அறிஞர் பலர் கூறிவந்தனர். இவரோ கேள்வியையே மாற்றினார்.

நிலம், உழைப்பு, முதல் என்னும் மூன்றும் தக்க அளவிற் கூடினால்தான் விளைவு பெருகும். ஐந்து ஏக்கர் சிறிதா பெரிதா என்பதை ஏக்கரைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. ஏரும் மாடும் கிணறும் உள்ளவனுக்கு அது சிறிதாகலாம்; வெறுங்கையனுக்கு அதுவே பெரிதாகலாம். நம் நாட்டிலோ நிலத்தை நம்பி வாழும் மக்கள் தேவைக்கு மிகுதி. நால்வர் செய்யக்கூடிய வேலையைப் பதின்மர் பகிர்ந்து கொண்டால், அறுவர் உழைப்பது போலத் தோன்றினும் உண்மையில் வேலையற்றவரே. அவர்களுக்குத் தொழிற்சாலைகளில் இடம் உண்டாக்கினால் நிலத்தின்மேல் உள்ள பாரம் குறையும். ஆகவே உழவின் நோய்க்கு மருந்து தொழில் வளர்ச்சியில் இருக்கிறது என்று அவர் முடிவு கூறினார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு.

இத்தகைய அறிஞர் கல்லூரி ஆசிரியர் அறையில் இருந்த பொதுப் பானையில் நீர் அருந்துவதற்கும் உடன் பணியாற்றிய சிலர் மறுப்புக் கூறினர். அவர் அதனைப் பொறுத்துக் கொண்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வந்தார். அம்மிச்சத்தோடு, கோலாப்பூர் மகாராஜா சாகு அவர்களின் உதவியையும், நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற 5,000 ரூபாய்க் கடனையும் சேர்த்துக் கொண்டு 1920-இல் மீண்டும் இலண்டன் சேர்ந்தார். இங்கே இரமாபாய் அம்மையார் சொற்பத் தொகையில் குடும்பத்தை நடத்தினார். அங்கே இவர் பகல் முழுவதும் நூல்நிலையத்தில் கழித்து, இரவில் சில அப்பளங்களைச் சுட்டுத் தின்று பசியாறி, மீண்டும் நூலைத் திறந்தார்.

ரூபாயின் பிரச்சினை

இந்தத் தவத்தின் பயனாக எழுந்ததே ரூபாயின் பிரச்சினை என்னும் பெருநூல். 1923-இல் வெளிவந்த இந்நூலுக்கு டி.எஸ்ஸி. என்னும் உயர்பட்டம் கிடைத்தது. தம் கல்விக்காகத் தியாகம் புரிந்த தாய் தந்தையரின் நினைவுக்கு அதனை அவர் உரிமையாக்கினார். பேராசிரியர் எட்வின் கானன், தமக்கு உடன்பாடில்லாத கருத்துகள் இருந்தும், முன்னுரை எழுதி நூலின் புதுமையைப் பாராட்டினார்.

நூலின் பொருள் கடினமானதன்று. 1893-ஆம் ஆண்டுக்கு முன்பு நம் ரூபாய் வெள்ளியை ஆதாரமாகக் கொண்டிருந்தது. வெள்ளியைக் கொண்டு சென்றால் எவரும் அரசாங்க அக்கசாலையில் ரூபாயாக அடித்துக் கொள்ளலாம். 1870-களில் ஐரோப்பிய நாடுகள் தங்க நாணயத்திற்கு மாறவே, வெள்ளியின் விலை சரிந்தது. ஏறத்தாழ 2 ஷில்லிங் பெற்ற ரூபாய் இருபது ஆண்டுகளில் 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு இறங்கியது. அதன்பின் அக்கசாலைகள் பொதுமக்களுக்கு மூடப்பட்டன. ரூபாய் அடிக்கும் உரிமை அரசாங்கத்திடமே தங்கியது. ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது பவுனுக்கு 15 ரூபாய் என்னும் விகிதம் ஏற்பட்டது. இத்தகைய ஏற்பாட்டைப் புகழ் பெற்ற பொருளாதார அறிஞர் கீன்ஸ் 1913-இல் வெளியிட்ட தம் நூலில் ஆதரித்திருந்தார்.

பாபாசாகேப் அவர்கள் அதனை மறுத்தார். அரசாங்கம் நினைத்த அளவுக்கு நாணயம் அடிக்கலாம் என்றால், நாணயம் மிகும்; நாணயம் மிகுந்தால் விலைவாசி ஏறும்; விலைவாசி ஏறினால் ரூபாய் மெலியும் என்று எடுத்துக் காட்டினார். ஆகவே ரூபாய் அடிப்பதை அரசாங்கமும் அறவே நிறுத்த வேண்டும், தங்க நாணயம் வெளியிட வேண்டும், இரண்டிற்கும் உள்ள விகிதத்தைச் சட்டத்தால் வரையறுக்க வேண்டும் என்றார்.

ரூபாயின் மதிப்புக் குறைவது ஏற்றுமதிக்கு நல்லது, ஆகவே நாட்டிற்கும் நல்லது என்று அந்நாளில் பலர் வாதித்தனர். அந்த இலாபம் யார் கையினின்றும் வருகிறது என்று அவர் கேட்டார். விலை விரைந்து ஏறும். கூலி மெல்ல ஏறும். ஓர் உதாரணம் கூறுவோம். நாள் ஒன்றுக்கு 300 ரூபாய் கூலி பெறுபவர், கிலோ 50 ரூபாய் விலையில் 6 கிலோ அரிசி வாங்கலாம். விலை 60 ஆகிவிட்டால் 5 கிலோவே வாங்கலாம். கூலியில் ஒரு காசும் குறையவில்லை. ஒரு கிலோ அரிசி மட்டும் மறைந்துவிட்டது. அது முதலாளியின் இலாபக் கணக்கில் ஏறியிருக்கும். இந்த ஆதாயம் அயல்நாட்டாரிடமிருந்து வந்ததன்று, நம் நாட்டிலேயே ஒரு வகுப்பாரிடமிருந்து இன்னொரு வகுப்பார் பெற்றது என்பதை அவர் ஐயத்திற்கு இடமின்றி நிறுவினார். இதுவே அந்நூலினின்றும் நாம் பெற வேண்டிய தலையாய பாடம்.

நாணயத்தை ஆராய வந்த ஹில்டன் யங் கமிஷன் முன் 1925-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் சாட்சியம் அளித்தார். அக்கமிஷன் மத்திய வங்கி ஒன்று வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1934-இன் சட்டப்படி 1935 ஏப்ரல் முதல் நாள் ரிசர்வ் வங்கி தொடங்கிற்று. அவ்வங்கியைப் பாபாசாகேப் ஒருவரே அமைத்தார் என்று மிகைபடக் கூறுவது நமக்கு அழகன்று. அதற்கு வழிகோலிய விவாதத்தில் உழைப்பாளரின் பக்கம் நின்று பேசிய அறிஞர் அவர் என்பதே உண்மை. அதுவே போதிய பெருமை.

1925-இல் மாகாண நிதியின் வளர்ச்சி என்னும் மற்றொரு நூல் வெளிவந்தது. 1833 முதல் 1921 வரை மத்திய அரசாங்கமும் மாகாணங்களும் வருவாயைப் பங்கிட்ட வரலாற்றை அது ஆராய்கின்றது. ஆசிரியர் செலிக்மன் அதற்கு முன்னுரை வழங்கினார். 1927-இல் கொலம்பியா பி.எச்.டி. பட்டம் அளித்தது.

கல்வி களத்திற்கு வந்தது

கற்றதை ஏட்டோடு விடவில்லை. 1928-இல் மகார் வதன் முறையைச் சீர்திருத்தப் பம்பாய்ச் சட்டசபையில் மசோதா கொணர்ந்தார். சிறிது நிலமும் தானியமும் கொடுத்து, ஒரு சமூகம் முழுவதையும் இரவு பகலாக அரசாங்க ஏவலுக்குக் கட்டிவைக்கும் முறை அது. வேலைக்குத் தக்க கூலி, கூலிக்குத் தக்க வேலை என்னும் எளிய நியாயத்தை அவர் கேட்டார். 1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கி, மறு ஆண்டு கொங்கணத்துக் கோத் என்னும் இடைத்தரகு நிலமுறையை ஒழிக்க மசோதா கொணர்ந்தார்.

சாதி என்பது தொழிற் பிரிவினையே, அதனால் திறமை வளரும் என்று வாதிடுவோர்க்கும் 1936-இல் அவர் பொருளாதாரத்தைக் கொண்டே விடை கூறினார். வேலையைப் பிரிப்பது ஒன்று. வேலை செய்வோரைப் பிறப்பால் பிரித்து ஒருவர்மேல் ஒருவராக அடுக்குவது வேறொன்று. முன்னதில் மனிதன் தன் திறமைக்கேற்ற தொழிலை நாடிச் செல்வான். பின்னதில் ஒரு தொழில் நலிந்தாலும் அதனை விட்டு வேறொன்றிற்குச் செல்ல இயலாது. ஆகவே வேலையின்மை பெருகும். சாதி அறத்திற்கு மட்டுமன்றி ஆக்கத்திற்கும் பகை என்பது இதனால் விளங்கும்.

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகாவை ஏற்றிருந்தார். தொழிற்சாலைகளில் வாரத்திற்கு 54 மணியாக இருந்த வேலை நேரம் 1946-இன் சட்டத் திருத்தத்தால் 48 மணியாயிற்று. தாமோதர் நதிப் பள்ளத்தாக்குத் திட்டத்திற்கும் அவர் அடிகோலினார். 1948-இல் அதற்கென ஒரு கார்ப்பொரேஷன் நிறுவப்பட்டது. வெள்ளத்தைத் தடுப்பது, பாசனம், மின்சாரம், நீர்வழிப் போக்குவரத்து ஆகிய யாவும் ஒரே நிர்வாகத்தின்கீழ் அமைய வேண்டும் என்பது அத்திட்டத்தின் கருத்து.

1947-இல் அரசியல் நிர்ணய சபைக்கென எழுதிய விண்ணப்பத்தில், முக்கியத் தொழில்களும் விவசாயமும் அரசின் உடைமையாதல் வேண்டும், வயது வந்தோர் யாவருக்கும் இன்ஷ்யூரன்ஸ் கட்டாயமாதல் வேண்டும் என்று கேட்டார். அவை அரசியற் சட்டத்தில் இடம் பெறவில்லை. அவற்றைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் வாக்குரிமை பெற்றவன் வயிற்றுக்கு அஞ்சி வாழ்ந்தால் அவ்வுரிமை நிலைக்காது என்னும் அவர்தம் கவலை இன்றும் பொருந்துவதே.

நாம் செய்யத்தக்கது

1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் தீட்சை பெற்ற பாபாசாகேப் அவர்கள், நவம்பரில் காட்மாண்டு பௌத்த மாநாட்டில் புத்தரையும் கார்ல் மார்க்சையும் ஒப்பிட்டு உரையாற்றினார். வறுமையை ஒழித்தல் என்னும் நோக்கம் அப்போதும் அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை என்பதற்கு அவ்வுரையே சான்று. அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் விட்டுச் சென்ற பொருளாதார நூல்கள் நம் நூல்நிலையங்களில் உள்ளன. அவற்றைத் திறப்போர் சிலரே. நம் பிள்ளைகளுள் கணக்கில் நாட்டமுள்ளோரை வணிகவியலும் பொருளாதாரமும் பயில ஊக்குவோம். நம் இல்லங்களில் மாத வரவு செலவை எழுதி வைக்கும் பழக்கத்தையும், கடனுக்கு வட்டி எவ்வளவு என்று கேட்டறிந்த பின்னரே கையொப்பம் இடும் பழக்கத்தையும் வளர்ப்போம். விலைவாசி ஏறும்போது விதியை நோவாமல், இந்த இலாபம் யார் கையினின்றும் யார் கைக்குச் செல்கின்றது என்று அவரைப் போல நாமும் கேட்போம். மாலை சூட்டும் கைகள் அவர் நூல்களையும் புரட்டுமாயின், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கமாகும்.