மூட்டுக்குள் ஒரு முப்புரிக் கயிறு

முடக்குவாதம் தாக்கிய மூட்டுகளில் சில வேளைகளில் வெள்ளை அரிசி போன்ற சிறு துகள்கள் மிதக்கும். மருத்துவர்கள் அவற்றை ‘அரிசி மணிகள்’ என்றே குறிப்பிடுகின்றனர். சோதித்துப் பார்த்ததில், ரத்தம் உறையும்போது உருவாகும் ஃபைப்ரினும் கொலாஜன் என்ற புரதமும் அவற்றில் இருந்தன. அந்தக் கொலாஜன் குருத்தெலும்பில் உள்ள வகை அன்று. மூட்டின் உட்சவ்வில் உள்ள வகை. ஆகவே, துகள்கள் சவ்விலிருந்து வந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர்.

இந்தக் கொலாஜனின் வடிவத்தைச் சென்னையில் கண்டறிந்தவர் ஜி.என்.ராமச்சந்திரன்.

1922 அக்டோபர் 8ஆம் தேதி எர்ணாகுளத்தில் பிறந்த இவரின் தந்தை கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தவரை, சர் சி.வி.ராமன் இயற்பியலுக்கு அழைத்துக்கொண்டார். பின்னர் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து நாடு திரும்பினார். 1952ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டவில்லை.

ஆய்வுக்குத் தூய கொலாஜன் தேவைப்பட்டது. அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் கங்காரு வாலின் தசைநாணைக் கொடுத்து உதவியது. அதை எக்ஸ்-கதிரால் படமெடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து ஆராய்ந்தார். மூன்று இழைகள் கொண்ட வடிவத்தை 1954ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். மறு ஆண்டு, அம்மூன்றும் கயிறுபோல் ஒன்றையொன்று சுற்றியிருப்பதாக அதைத் திருத்தினார். கயிற்றின் நடுவே இடம் மிகக் குறைவு. அதனால்தான் ஒவ்வோர் இழையிலும் மூன்றில் ஓர் இடத்தில், ஆகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் அமர்ந்திருக்கிறது.

இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை கண்டனர். அவரது வடிவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றனர். ராமச்சந்திரன் வாதத்தோடு நிற்கவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று கணக்கிடத் தொடங்கினார். சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன் 1963ல் அவர் வெளியிட்ட ஆய்விலிருந்து பிறந்ததே ‘ராமச்சந்திரன் வரைபடம்’. புரதத்தின் இழை எந்தக் கோணங்களில் வளையலாம், எவற்றில் வளைய முடியாது என்பதை அது காட்டும்.

நோபெல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. 2001 ஏப்ரல் 7ஆம் தேதி சென்னையில் காலமானார். ஆனால், சிங்கப்பூரிலோ வேறெங்கோ உயிர்வேதியியல் பயிலும் மாணவர் எவரும் அவர் பெயரைப் பாடநூலில் சந்திப்பார். புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவம் சரிதானா என்று சோதிக்க, இன்றும் அந்த வரைபடத்தைத்தான் எடுக்கிறார்கள். அதற்கு வித்திட்டது, அவர் எதிர்கொண்ட ஒரு விமர்சனம்.