மிஹ்ராபும் தேளும்: அப்துல்லாஹ் காதிரியை நினைக்கையில்

என் பாடசாலைக் காலத்தில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் மலிவாகக் கிடைத்தன. வழவழப்பான தாள், அழகான படங்கள். அவற்றில் கூட்டுப்பண்ணை விவசாயிகள் எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். சோவியத் முஸ்லிம்களும் அப்படித்தான் மகிழ்ச்சியாக வாழ்ந்தார்கள் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை உடைத்தது அப்துல்லாஹ் காதிரியின் வாழ்க்கை.

அவர் 1894இல் தாஷ்கந்தில் பிறந்தார். மத்ரஸாவில் ஓதியவர். அரபும் பாரசீகமும் கற்று, ரஷ்ய மொழியும் அறிந்திருந்தார். 1920களில் அவர் எழுதிய 'கடந்த நாட்கள்' உஸ்பெக் மொழியின் முதல் நாவல். பெற்றோரின் பிடிவாதத்தால் இரண்டாம் திருமணத்துக்குத் தள்ளப்படும் ஒரு வாலிபனின் கதை அது. அடுத்த நாவலான 'மிஹ்ராபிலிருந்து வந்த தேள்', அதிகாரத்துக்கு வால்பிடித்த போலி ஆலிம்களைச் சாடியது. ஆகவே, பழைமையைக் கண்மூடிக் காத்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. சமூகத்தின் குறைகளை அவர் உள்ளிருந்தே பேசினார்.

ஆட்சியின் குறைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. 'முஷ்தும்' என்ற நகைச்சுவை இதழில் கட்சித் தலைவர்களைக் கேலி செய்து எழுதியதற்காக 1926இல் கைதானார். அந்த முறை மீண்டு வந்தார்.

வெளியே காலம் வேகமாக மாறியது. பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் மூடப்பட்டன. வக்பு சொத்துகள் பறிபோயின. 1920களின் இறுதியில் அரபு எழுத்து நீக்கப்பட்டு லத்தீன் எழுத்து வந்தது. 1940இல் அதுவும் போய் ரஷ்ய எழுத்து வந்தது. பாட்டனார் எழுதியதைப் பேரனால் வாசிக்க முடியாத நிலை. அரபு எழுத்தில் ஒரு புத்தகம் வீட்டில் இருப்பதே ஆபத்து என்று அஞ்சி, மக்கள் கிதாபுகளைச் சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் ஒளித்தார்கள்.

1934இல் சோவியத் எழுத்தாளர் மாநாடு, சோஷலிச யதார்த்தவாதமே எழுத்தின் நெறி என்று அறிவித்தது. பெயரில்தான் யதார்த்தம் இருந்தது. எழுத வேண்டியதோ, நாளை வரப்போவதாகக் கட்சி சொன்ன வாழ்க்கையை. காதிரியும் கூட்டுப்பண்ணை பற்றி 'ஆபித் கெத்மன்' என்ற கதையை எழுதிப் பார்த்தார். அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை.

1937 டிசம்பர் 31இல் கைதானார். தேசியவாதி, மக்கள் விரோதி என்பன குற்றச்சாட்டுகள். 1938 ஒக்டோபர் 4இல் கவிஞர் சோல்பான், அறிஞர் பித்ரத் ஆகியோருடன் தாஷ்கந்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 44. ஜனாஸா குடும்பத்தினரிடம் கொடுக்கப்படவில்லை. உஸ்பெக் கட்சித் தலைவராக இருந்த அக்மல் இக்ராமோவும் அதே ஆண்டு மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஆட்சிக்கு உழைத்தவர்களையும் அந்த ஆட்சி விடவில்லை.

காதிரியின் நூல்கள் தடை செய்யப்பட்டன. ஸ்டாலின் இறந்த பின்னரே அவர் குற்றமற்றவர் என்று அரசு ஒப்புக்கொண்டது. 1969இல் 'கடந்த நாட்கள்' திரைப்படமாகவும் வந்தது. ஆனால் ஒளித்து வைத்த பிரதிகளில் அவரை வாசித்தவர்களுக்கு அரசின் சான்றிதழ் எப்போதும் தேவைப்பட்டதில்லை.

அந்தப் பழைய சோவியத் புத்தகங்களை நான் இன்னும் எறியவில்லை. அவற்றில் நல்ல கதைகளும் உண்டு. ஆனால் சிரிக்கும் விவசாயியின் படத்தைப் பார்க்கும்போது, அதில் இடம்பெறாமல் போனவர்கள் யார் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். ஓர் அரசோ, ஓர் இயக்கமோ, நம்முடைய ஜமாஅத்தோ அங்கீகரித்த எழுத்தை மட்டும் வாசிக்கும் சமூகம், தன் மிஹ்ராபில் இருக்கும் தேளைக் காணாது. அல்லாஹ் அவருக்கு மறுமையில் உயர்ந்த இடத்தை வழங்குவானாக.