செக்கும் சிறைக்காவலும்

செண்பகத்தோப்பு மலைச்சாரலை அடுத்த ஊர்களில் முன்னாளில் எள் ஆட்டும் செக்கினைக் காளைகள் சுற்றிச்சுற்றி இழுத்தன. வெயில் ஏறியதும் செக்காட்டுவோன் அவற்றை அவிழ்த்து நிழலிற் கட்டித் தண்ணீர் காட்டுவான். அவ்விரக்கமும் கிட்டாது, மாட்டிற்கு ஈடாகச் செக்கிழுத்த பெருமகனார் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவரே வ. உ. சிதம்பரனார்.

ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்த அவர், பெயர்பெற்ற வழக்கறிஞராய் விளங்கினார். 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டு, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயர் கப்பல்களுக்கு எதிராகக் கப்பல் விட்டார். அரசு பொறுக்குமோ? 1908-இல் நெல்லையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது 6 ஆண்டுகளாகக் குறைந்தது.

கோவைச் சிறையில் முதலில் சணல் இயந்திரம் சுற்றும் வேலை தரப்பெற்றது. உள்ளங்கைத் தோல் உரிந்து குருதி கசிந்தது. பின்னர்ச் செக்கில் பூட்டினர். ஏடு புரட்டிய கைகள் அவை என்பதை எண்ணுக. தண்டனையை விதித்தது நீதிமன்றம். அதனை ஒவ்வொரு நாளும் அளந்து கொடுத்தவர்களோ சிறையதிகாரிகள். இன்ன வேலை, இன்ன உணவு, நோயுற்றால் ஓய்வு உண்டா இல்லையா என்பன அவர்கள் சொல்லிலேயே அடங்கின. சிறைவிதி ஒன்றேயாயினும் காப்பவன் நெஞ்சம் வேறாயின் சிறையும் வேறாகும். அறிவுரை கூற முற்பட்ட ஜெயிலருக்கு, அவ்வுரிமை அவருக்கு இல்லை என்பதைச் சிதம்பரனார் அஞ்சாது உணர்த்தினார். கைதியின் உடல் அவர்கள் வசம், மானம் அன்று.

1910-இல் அவர் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பெற்றார். சிறைக்காலத்தை அவர் வீணாக்கினாரல்லர். ஜேம்ஸ் ஆலனின் ஆங்கில நூலைத் தமிழில் பெயர்த்தார். மெய்யறிவு, மெய்யறம் ஆகிய அறநூல்களையும் யாத்தார். செக்கடியில் நின்றவர்க்கு யாப்பு எங்ஙனம் கைவந்தது என்று தமிழாசிரியனாகிய யான் பன்முறை வியந்ததுண்டு.

1912 டிசம்பரில் விடுதலையானபோது கப்பலும் இல்லை, வழக்கறிஞர் உரிமையும் இல்லை. வறுமை சூழ்ந்தது. பின்னாளில் அவ்வுரிமையை மீட்டுத்தர உதவியவர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி. ஆங்கிலேயர் ஆட்சியால் அத்துணைத் துன்புற்றும் சிதம்பரனார் ஒருவரின் இனத்தை நோக்கினாரல்லர், செயலையே நோக்கினார். நன்றி மறவாது தம் மைந்தருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார்.

அவர் 1936 நவம்பர் 18-இல் தூத்துக்குடியில் மறைந்தார். அவர் இழுத்த செக்கு சென்னைக் கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் வைக்கப்பெற்றுள்ளது.