தீவகம் தந்த சபாநாயகர்: சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி

பொதுநன்மை இன்னதென்பதைத் தீவகத்தார் ஏடு பார்த்து அறியவேண்டியதில்லை. துறையிலே நின்றால் விளங்கிவிடும். தோணிக்காரன் ஏறியவரிடம் கூலி வாங்கலாம். ஆதலால் தோணி ஓடுகிறது. வெளிச்சவீட்டின் ஒளியோ காசு கொடுத்தவனுக்கும் கொடாதவனுக்கும் ஒன்றாகவே தெரியும். காசு கொடாமலே காணக்கூடிய ஒளிக்கு யார் காசு கொடுப்பார்? ஆகவே வெளிச்சவீடு கட்ட வியாபாரி முன்வருவதில்லை. கடலை மேவி இடும் தாம்போதியும் அத்தகையதே. தீர்வை வைத்துத் தண்டினாலும் ஏழைத் தீவாரின் சில்லறையால் அதன் செலவு ஈடாகாது. இவற்றை ஊரார் பணத்தைத் திரட்டி அரசாங்கமே செய்தல் வேண்டும். ஆனால் அரசாங்கம் செய்வதற்கும், கேட்கும் வாய் ஒன்று வேண்டும். அந்த வாயாக இருந்தவர்களுள் ஒருவரின் வரலாற்றையே நாம் இங்கு நினைவுகூருகின்றோம்.

சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி அவர்கள் 1874ஆம் ஆண்டு வேலணையிலே பிறந்தவர். யாழ்ப்பாணப் பட்டினம் போவதென்றாலும் கடல் கடக்கவேண்டிய காலம் அது. கல்கத்தா சென்று உயர்கல்வி கற்று மீண்டு, நியாயதுரந்தரராகிப் பெயர் பெற்றார். 1921ஆம் ஆண்டில் சட்டநிரூபண சபை உறுப்பினரானார். பொருளும் கல்வியும் உடைய சிலருக்கே அந்நாளில் வாக்குரிமை இருந்தது.

கல்வியும் வெளிச்சவீடு போன்றதே. ஒரு பிள்ளை எழுத்தறிந்தால் அதன் பயன் அப்பிள்ளையோடு நின்றுவிடாது. வீட்டுக்குக் கடிதம் வாசிக்கும், அயலாருக்கு மனு எழுதும், ஊருக்கு ஆசிரியராகும். ஆயினும் பெற்றோர் தம் பிள்ளைக்கு வரும் பயனை மாத்திரம் எண்ணியே செலவிடுவர். வறியவரால் அதுவும் இயலாது. இக்குறையை நீக்கவே 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றியது. இந்து போர்டு இராசரத்தினம் அவர்களோடு அதனை முன்னின்று வளர்த்தவர்களுள் துரைசுவாமி அவர்களும் ஒருவர். ஊரார் நிலமும் உழைப்பும் ஈய, அரசாங்கம் உதவிநன்கொடை அளிக்க, பாடசாலைகள் பெருகின.

1931ஆம் ஆண்டில் டொனமூர் அரசியற்றிட்டம் வந்தது. இருபத்தொரு வயதடைந்த ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆனால் பூரண சுயராச்சியம் அதில் இல்லையென்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்காரம் செய்தது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப் பத்திரம் கொடுத்திலர். நோக்கம் உயர்ந்தது, அதை நாம் குறைகூறோம். எனினும் அரசாங்க சபையிலே வேலைகளெல்லாம் ஏழு நிருவாகக் குழுக்களில் நடந்தன. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு குழுவில் இருந்தனர். வீதிக்கும் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் பணம் பங்கிடப்பட்ட அந்த மேசைகளைச் சுற்றி, மூன்றாண்டு காலம் ஊர்காவற்றுறைத் தொகுதியின் நாற்காலி இல்லை. 1934ஆம் ஆண்டு இடைத்தேர்தலிலேயே அத்தொகுதிக்கு ஓர் உறுப்பினர் தெரிவானார்.

அதே ஆண்டின் இறுதியில் தென்பகுதியில் மலேரியாக் காய்ச்சல் பரவி, ஏறக்குறைய எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்டது. நுளம்பு வேலி அறியாது. ஒருவன் தன் வளவை மாத்திரம் துப்புரவு செய்து தப்புதல் இயலாது. அரசாங்கம் எதற்கு என்பதற்கு அதனினும் கொடிய பாடம் வேண்டுமோ!

1936ஆம் ஆண்டில் ஊர்காவற்றுறைத் தொகுதிக்குத் தெரிவான துரைசுவாமி அவர்கள் சபாநாயகரானார். 1947 வரை அப்பீடத்தில் அமர்ந்திருந்தார். கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வித் திட்டம் அவர் தலைமையில் இருந்த சபையிலேயே நிறைவேறி, 1945 ஒக்டோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. சபாநாயகர் விவாதத்திற் கலந்துகொள்வதில்லை. ஆகவே தீவகம் மீண்டும் தன் வாயை இழந்ததன்றோ எனச் சிலர் வினவலாம். நடுநிலை பிறழாத பீடமும் ஒரு பொதுப்பொருளே என்பதே நம் விடை. அதனால் எல்லாக் கட்சியாரும் பயனடைவர். அதற்காகத் தன் பேச்சை விட்டுக்கொடுக்க முன்வருபவரோ ஒருவரே. அந்த விலையைத் துரைசுவாமி அவர்களும் அவரைத் தெரிந்தனுப்பிய தீவாரும் செலுத்தினர்.

1966ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். இன்று வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் தாம்போதி வழியே செல்கின்றோம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் இன்னும் கடல்வழியே வழி. அங்குள்ளோர் தொகை சிறிது. ஆகவே படகுக் கூலியால் மாத்திரம் துறையும் படகும் நிலைபெறா. இளைஞர்களே, நன்மையை எல்லாரும் நுகர்வர், உழைப்பை யாரேனும் செய்யட்டும் என்று எல்லாரும் இருந்துவிட்டால் அந்நன்மை வாராது. சங்கத்தின் கூட்டத்துக்கு வருதல், மனுவிற் கையொப்பமிடுதல், வாக்களித்தல், அரசாங்கம் தந்ததைப் பழுதுபடாமற் பேணுதல் ஆகிய இவையே நம் பங்கு. நாற்காலியை வெறுமையாக விட்டவர்க்குப் பந்தியில் இலை போடுவார் இல்லை.