லாவரான் கண்ட அசைவு

செய்முறை வகுப்பில் மலேரியா ஒட்டுண்ணியை நான் பார்த்ததெல்லாம் சாயம் ஏற்றிய, உலர்ந்த கண்ணாடித் தகட்டில்தான். அசைவே இல்லை. அதனால்தானோ என்னவோ, அல்போன்ஸ் லாவரானின் வரலாறு என் மனத்தைப் பற்றிக்கொண்டது.

1845இல் பாரிசில் பிறந்த அவர், பிரெஞ்சுப் படையின் மருத்துவராக அல்ஜீரியா சென்றார். 1880 நவம்பர் 6ஆம் நாள், கான்ஸ்டன்டைன் நகர இராணுவ மருத்துவமனையில், சிப்பாய் ஒருவரின் இரத்தத்தைச் சாயம் ஏற்றாமல் அப்படியே நுண்பெருக்கியில் பார்த்தார். கருந்துகள்கள் கொண்ட உருண்டை ஒன்றிலிருந்து மெல்லிய இழைகள் வெளிப்பட்டுச் சாட்டைபோல் சுழன்றன! இது உயிருள்ள ஒட்டுண்ணியே என்று துணிந்தார். பாக்டீரியாவே மலேரியாவிற்குக் காரணம் என்றிருந்த அறிஞர் பலர் நம்ப மறுத்தனர். அவர் தளரவில்லை.

அந்த ஆட்டம் மனித உடலுக்குள் நிகழ்வதன்று என்பதை அவரும் அன்று அறியார். கொசு குடித்த இரத்தம் ஏறத்தாழ 5 டிகிரி சென்டிகிரேட் குளிர, கொசுவின் உடலிலுள்ள வேதிப்பொருள் ஒன்றும் சேர்ந்து தூண்ட, ஆண் அணு கால் மணி நேரத்திற்குள் எட்டு இழைகளை வெளிவிடும். அவை பெண் அணுவைத் தேடிச் செல்லும். லாவரானின் தகட்டிலோ இரத்தம் ஆறியது. காற்றுப்பட்டு அதன் காரத்தன்மையும் கூடியது. கொசுவின் வயிற்றை அடைந்துவிட்டதாக ஒட்டுண்ணி ஏமாந்தது என்றே சொல்லலாம். உடனே உலர்த்தியிருந்தால் அந்த அசைவை அவர் கண்டிருக்கவே முடியாது.

அவ்விழைகளின் பணியை, பறவைகளின் இரத்தத்தில் வாழும் இன ஒட்டுண்ணியைக் கொண்டு 1897இல் மக்கல்லம் விளக்கினார்.

1907இல் நோபல் பரிசு பெற்ற லாவரான், அதில் பாதியைப் பாஸ்டர் நிறுவனத்தில் வெப்பமண்டல நோய் ஆய்வுக்கூடம் அமைக்கக் கொடுத்தார். 1922இல் பாரிசில் காலமானார்.